சதுக்கத்து மண்டகாரு

பெத்ரா தோர்த்தா என்ற சிற்றூரின் சதுக்கத்துக்கு ஊர்க்காரர்கள் வைத்த பெயர் விறகுக்கடை. சாந்தா லூசியா கோயிலுக்கு எதிரே, பஸ் வந்து நிற்கும் இடத்தில், ஊருக்கே முகமாக இருக்க வேண்டிய இடம் அது. அங்கே வருஷத்தில் பாதி நாள் இலையே இல்லாத சாம்பல் நிறக் குச்சிகள் நின்றன. நடுவில் ஒரே வரிசையாகப் பதினோரு மண்டகாருக் கள்ளிகள், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு, முள்ளும் முறைப்புமாக நின்றன. வெளியூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், "இங்கே எப்ப தீப்பிடிச்சுது?" என்று விசாரிப்பதுண்டு.

இதற்குக் காரணம் இரண்டு பேர். டல்வா என்று ஊர் கூப்பிடும் டல்வனீரா, தெர்சியு. இருவரும் நிலவடிவமைப்பாளர்கள். எந்த இடத்தில் எந்த மரம், நிழல் எங்கே விழும், மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று வரைந்து, நட்டும் கொடுப்பது அவர்கள் தொழில். இந்த மண்ணில் தானாக வளர்வதைத் தவிர வேறெதையும் நட மாட்டோம் என்பது கொள்கை. கல்யாணம் ஆகாத இருவரும் ஒரே மேசையில் பன்னிரண்டு வருஷமாக வேலை செய்கிறார்களே என்று ஊர் கொஞ்ச நாள் பேசிப் பார்த்தது. இரண்டு பேரும் எப்போது பார்த்தாலும் வேர்களைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருந்ததால், அலுத்துப்போய் விட்டுவிட்டது.

அவர்கள் சதுக்கத்தை நட்டது ஒரு பிப்ரவரியில். வளர்ந்த கள்ளிகளைக் காட்டிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். நல்ல மழை. ஜுரேமா முள்மரமும் உம்பு மரமும் பெயர் தெரியாத கொடிகளும் மளமளவென்று வளர்ந்தன. ஊர் டல்வாவைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. ஜூனில் இலை கொட்டியதும் தொப்பென்று கீழே போட்டுவிட்டது.

"காடு பூரா இப்படித்தானே நிக்குது? அது செத்துப்போச்சுன்னு யாராவது சொல்றீங்களா?" என்று டல்வா கேட்டாள்.

"காட்டுல நின்னா காடு. ஊர் நடுவுல நின்னா விறகுதாம்மா," என்றார் ரொட்டிக்கடைக்காரர். கடையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். டல்வா ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டாள்.

இரண்டாவது வருஷம் மேயரம்மா லிந்தாசி கூப்பிட்டு அனுப்பினாள். கெட்டவள் இல்லை, ஊருக்கு நல்லது செய்யவேண்டும், அது போட்டோவில் தெரியவும் வேண்டும் என்று நினைப்பவள். தன் போனில் கடற்கரை நகரத்துப் பூங்கா ஒன்றைக் காட்டினாள். புல்தரை, இரண்டு பக்கமும் வழவழவென்று ராஜபனைகள்.

"பாரு டல்வா. கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சியா இருக்கு. சாந்தா லூசியா திருவிழாவுக்குள்ள உன் தோட்டத்துல பச்சையா ஏதாவது காட்டு. இல்லேன்னா எனக்கு வேற வழியில்ல."

திருவிழா டிசம்பர் பதின்மூன்று. மழை வந்தால் ஜனவரி. வராமலும் போகும்.

அங்கேதான் டல்வாவுக்குப் புத்தி பிசகியது. அவள் வீடு சதுக்கத்தின் பின்புறச் சுவரை ஒட்டி இருந்தது. முற்றத்தில் மற்ற வீடுகளைப் போலவே ஒரு மழைநீர்த் தொட்டி. கூரையிலிருந்து பிடித்த அந்தத் தண்ணீரைத்தான் அடுத்த மழை வரை குடிக்கவேண்டும். செப்டம்பரில் அவள் தொட்டியிலிருந்து ஒரு சொட்டுநீர்க் குழாயைச் சுவருக்கு அடியில் நுழைத்து, கள்ளி வரிசையோரம் அடுக்கியிருந்த கற்களுக்குக் கீழே ஓடவிட்டாள். மதியம் சாப்பிட்டு ஊரே வலைத்தொட்டிலில் குறட்டை விடும் நேரத்தில் குழாயைத் திறப்பாள். தான் மட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை வாளியில் குளித்தாள். தெர்சியுவிடம் மூச்சுவிடவில்லை. சொன்னால் அவன் மேசையைத் தலைகீழாகக் கவிழ்த்திருப்பான்.

அவள் எதிர்பார்த்தது கள்ளிக்குப் பக்கத்து ஜுரேமாவில் நாலு இலை. நடந்ததோ வேறு.

டிசம்பர் ஐந்தாம் தேதி விடிகாலையில் கோயில் மணியடிப்பவர் போட்ட சத்தத்தில் டல்வா வெளியே ஓடிவந்தாள். பதினோரு மண்டகாருவும் பூத்திருந்தன. ஒன்றிரண்டு இல்லை. ஒவ்வொரு கள்ளியிலும் இருபது, முப்பது. முள்ளுக்கு நடுவில் விரித்த கைகள் இரண்டைச் சேர்த்து வைத்த அகலத்துக்கு வெள்ளைப் பூக்கள். இரவில் விரிந்து வெயில் பட்டதும் வாடிவிடுகிற பூ அது. இன்னும் வெயில் வரவில்லை. வண்டுகள் உள்ளே விழுந்து எழுந்துகொண்டிருந்தன. வாசனை ரொட்டிக்கடை வரை போயிருந்தது. ரொட்டிக்கடைக்காரர் கையில் மாவோடு வந்து நின்றார். சிரிக்கவில்லை.

ஊர் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிவிட்டார்கள். ஒரு பெண் தன் குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். தன் வேலையைப் பார்த்து ஊர் இப்படி நிற்கவேண்டும் என்றுதானே டல்வா இத்தனை வருஷம் ஏங்கினாள்.

அப்போது ஜெரோன்சியு வந்தார். காலை ஆறு மணிக்கு உள்ளூர் வானொலியில் பேசுகிறவர். பன்றி வளர்ப்பு ஒரு தொழில், மழை பார்த்துச் சொல்வது இன்னொன்று. எறும்பு எந்தப் பக்கம் முட்டை தூக்கிப் போகிறது, மண்குருவி கூட்டுக்கு வாசல் எந்தத் திசையில் வைத்திருக்கிறது என்று பார்த்துச் சொல்வார். வறட்சியில் மண்டகாரு பூத்தால் மழை கிட்டத்தில் இருக்கிறது என்று அந்தச் சீமை முழுக்க நம்பிக்கை. ஜெரோன்சியு பதினோரு கள்ளியையும் சுற்றி வந்தார். முழங்கால் வலியால் நொண்டிக்கொண்டு, இரண்டாம் தடவையும் சுற்றினார்.

"ஒண்ணு பூத்தா யோசிக்கலாம். பதினொண்ணும் பூத்திருக்கு. பதினஞ்சு நாளுக்குள்ள மழை," என்றார். அன்றைக்கு வானொலியிலும் அதையே சொன்னார்.

மேயரம்மா டல்வாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "பனையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இந்த ஊருக்கு இதைவிட என்ன வேணும்? நீ வாழ்க!" என்றாள். அப்பாடா, தோட்டம் பிழைத்தது. அன்றைக்கு ரொட்டிக்கடையில் டல்வாவிடம் காசு வாங்கவில்லை.

மறுநாள் மாலை அவள் ஆற்றோரம் போனாள். ஆறு என்றால் மணல்தான். அக்கரையில் மரிசெட்டியின் நிலம். புருஷன் சாவோ பாவுலோவில் கட்டட வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. மரிசெட்டி ஒருத்தியாக ஆடும் காராமணியும் வைத்துக் காலம் தள்ளுகிறாள். காய்ந்து வெடித்த நிலத்தில் மண்வெட்டியால் குழி போட்டு, குழிக்கு மூன்று விதை போட்டு, காலால் மூடிக்கொண்டு போனாள்.

"என்னக்கா, காய்ஞ்ச மண்ணுல போடறீங்க?"

"பின்னே? மழை வந்தப்புறம் போட்டா முதல் ஈரம் வீணாப்போகும்ல? நான் எப்பவும் இப்படிப் போட்டதில்ல பொண்ணே. பயம். புறா தின்னும், எறும்பு தூக்கும், மழை ஏமாத்தும். ஆனா நேத்து உன் பூவைப் பாத்தேன் பாரு, வீட்டுக்கு வந்து விதை பாட்டிலை எடுத்துட்டேன்." இடுப்பில் கட்டியிருந்த சோடா பாட்டிலைத் தட்டிக் காட்டினாள். அடியில் ஒரு கைப்பிடிதான் மிச்சம். "ஏழு வறட்சியில பட்டினி கிடந்தப்பவும் இந்த விதையைச் சமைக்கல. இவ்வளவுதான் இருக்கு. இந்த ரகம் இந்த ஊர்ல வேற யாருகிட்டயும் இல்ல."

டல்வா நிமிர்ந்தாள். ஆற்றோரமாகப் பார்வையை ஓட்டினாள். ஒவ்வொரு நிலத்திலும் யாரோ குனிந்துகொண்டிருந்தார்கள். எண்ணினாள். பத்தொன்பது குடும்பம்.

தெர்சியுவிடம் அன்றைக்கே சொன்னாள். அவன் எழுந்து போய்க் கற்களைப் புரட்டி, குழாயைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தான். மேசையைக் கவிழ்க்கவில்லை. அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"நம்ம செடி மேல நம்மளே நம்பிக்கை வைக்கலேன்னா, ஊரு ஏன் வைக்கணும்?" என்றான்.

"திட்டு. நல்லாத் திட்டு."

"திட்டி என்ன ஆகப்போகுது? தண்ணி விட்டதாலதான் பூத்துதா, சும்மாவே பூத்துதான்னு எனக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. ஆனா அவங்க விதையைப் போட்டது அது சும்மா பூத்த பூன்னு நம்பி." மேசை மேல் கிடந்த சதுக்கத்து வரைபடத்தைச் சுருட்டினான். "சொன்னா தோட்டம் போயிரும் டல்வா."

"தெரியும்."

"சொல்லலேன்னா நாளைக்கு இன்னும் இருபது பாட்டில் திறக்கும்."

"தெரியும்னு சொல்றேன்ல!"

வானொலி நிலையம் மருந்துக்கடை மாடியில் ஒரே ஒரு அறை. ஒலிவாங்கிக்கு உறையாக ஒரு பழைய காலுறை மாட்டியிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜெரோன்சியு வணக்கம் சொல்லி முடித்ததும் டல்வா காலுறைக்கு முன்னால் உட்கார்ந்தாள். எப்படிச் சொல்லலாம் என்று வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை.

"நான் டல்வனீரா. சதுக்கத்து மண்டகாருவுக்கு மூணு மாசமா நான் திருட்டுத்தனமா தண்ணி விட்டேன். அது மழையைப் பாத்துப் பூத்த பூவான்னு எனக்குத் தெரியாது. இன்னும் விதைக்காதவங்க தயவுசெஞ்சு விதைக்காதீங்க. விதைச்சவங்க என்னை..."

ஜெரோன்சியு ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுக்கவே இல்லை. கீழே மருந்துக்கடைச் சேவல் கூவியது மட்டும் ஊருக்கெல்லாம் கேட்டது. பிறகு அவர் சொன்னார்:

"முப்பது வருஷமா ஊருக்குள்ள பூத்த பூவைப் பாத்து நான் மழை சொன்னதில்ல. குன்றுமேல ஏறி, காட்டு மண்டகாருவைப் பாத்துட்டு வந்துதான் சொல்லுவேன். இந்த வருஷம் முழங்கால் வலி. பூ வீட்டு வாசலுக்கே வந்திருக்கேன்னு சோம்பேறித்தனம் பண்ணிட்டேன். பாதித் தப்பு என்னுது. பாட்டில் மூடியைத் திறக்காதீங்க, சாமிகளா." அன்றைக்கே கோலூன்றிக் குன்று ஏறினார். காட்டுக் கள்ளி ஒன்றில்கூட மொட்டு இல்லை.

ஊர் டல்வாவை அடிக்கவில்லை, வையவில்லை. அவள் கடைக்குள் நுழைந்தால் பேச்சை நிறுத்தியது. மேயரம்மா மட்டும் நேரில் வந்தாள்.

"ஒண்ணு சொல்லு டல்வா. தண்ணி ஊத்தினாத்தான் பச்சைன்னா, அந்தத் தண்ணியைப் புல்லுக்கே ஊத்தலாமே?"

பன்னிரண்டு வருஷக் கொள்கையின் வாயை ஒரே கேள்வியில் அடைத்துவிட்டு மேயரம்மா போனாள். ராஜபனைகளுக்குச் சொல்லியனுப்பினாள்.

திருவிழா முடிந்த மறுநாள் புல்டோசர் வந்தது. அந்தச் சத்தம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டது. டல்வாவும் தெர்சியுவும் அங்கேதான் இருந்தார்கள். புறாக்கள் கூட்டம் கூட்டமாக வந்து விதைக்குழிகளைக் கொத்த ஆரம்பித்திருந்தன. இருவரும் ஆளுக்கொரு எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டு, பத்தொன்பது நிலத்துக்கும் காலை முதல் பொழுது சாயும் வரை ஓடினார்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. மரிசெட்டி மூன்று நாள் பார்த்துவிட்டு, நாலாம் நாள் ஒரு தட்டு சோளமாவுப் புட்டும் காப்பியும் கொண்டுவந்து வரப்பில் வைத்தாள்.

"தின்னு. நீ மயங்கி விழுந்தா புறாவை யார் விரட்டுவா?"

"அக்கா, என்னை ரெண்டு வார்த்தை திட்டிடுங்களேன்."

"மழை வரட்டும். வந்தா திட்டறேன். வரலேன்னா திட்டறதுக்கு எனக்குத் தெம்பு இருக்காது."

வெட்டிப்போட்ட மண்டகாருத் துண்டுகளை ஊர்க்காரர்கள் வண்டிவண்டியாகக் கொண்டுபோனார்கள் என்று தெர்சியு கேள்விப்பட்டு வந்து சொன்னான். முள்ளைத் தீயில் பொசுக்கி ஆட்டுக்குப் போடத்தான். வறட்சியில் எல்லோரும் செய்வதுதான். சதுக்கம் இப்போது மொட்டைத்தலைபோல் இருக்கிறதாம். டல்வா போய்ப் பார்க்கவில்லை. பார்க்க மனம் வரவில்லை.

ஜெரோன்சியு சொன்ன பதினைந்து நாள் முடிந்தது. கிறிஸ்துமஸும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாமல் போனது. குழியைத் தோண்டிப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

டிசம்பர் இருபத்தேழாம் தேதி மதியம் புறாக்கள் வரவில்லை. டல்வா டின்னைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தட்ட ஒன்றுமில்லை. காற்று திடீரென்று நின்று, பிறகு எதிர்த்திசையிலிருந்து வீசியது. அந்தக் காற்றில் மண்வாசனை இருந்தது. எங்கோ யார் மண்ணிலோ ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்த மழையின் வாசனை. மரிசெட்டி குடிசையிலிருந்து வெளியே வந்தாள். குன்றுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு எழுந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாதி வானத்தை விழுங்கியது.

முதல் துளி டின்னில் விழுந்து ணங் என்றது. அப்புறம் எண்ண முடியவில்லை. மழை என்று சொல்லக்கூடாது; வானத்தின் அடித்தட்டு கழன்று விழுந்தது. எதிரே நின்ற மரிசெட்டி தெரியவில்லை. சிரிப்பு மட்டும் கேட்டது. போய்ப் பார்த்தால் அவள் சேற்றில் சப்பணமிட்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"இது உன் பூ கொண்டுவந்த மழையில்ல! புரியுதா? கணக்குக்கு இருபத்திரெண்டு நாள் ஆச்சு!"

"புரியுதுக்கா!"

"பொய்க்காரி! வெக்கங்கெட்டவளே! குடிதண்ணியக் கொண்டுபோய்க் கள்ளிக்கு ஊத்துவாளா ஒருத்தி? படிச்சவளாம் படிச்சவ!" என்று கொடுத்த வாக்கைக் காப்பாற்றினாள். டல்வா அவள் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

அன்று பொழுது சாய்வதற்குள் தவளைகள் கத்தத் தொடங்கின. பத்து மாதம் மண்ணுக்குள் உணர்வில்லாமல் கிடந்தவை. அக்கரையில் ஒன்று கூப்பிட, இக்கரையில் நூறு பதில் சொல்லின. டல்வா இந்த ஊரிலேயே பிறந்தவள், நாற்பத்தொரு முதல் மழை பார்த்தவள். இருந்தும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூன்றாம் நாள் மரிசெட்டியின் நிலத்தில் காராமணி முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பாதிக் குழிதான். மீதி புறாவுக்கும் எறும்புக்கும் போய்விட்டது. "பாதி போதும். அடுத்த வருஷத்துக்கு ரெண்டு பாட்டில் ஆகும்," என்றாள் மரிசெட்டி. ஒவ்வொரு முளைக்கும் முன்னால் குனிந்து குனிந்து நின்றாள்.

மழையில் பெருகி வழியை அடைத்திருந்த ஆறு நாலாம் நாள் வடிந்தது. இரண்டு பெண்களும் முழங்கால் தண்ணீரில் நடந்து ஊருக்கு வந்தார்கள். வழியில் வீட்டுக்கு வீடு வாசலில் ஒரு மண்டகாருத் துண்டு நட்டிருந்ததை டல்வா அப்போதுதான் பார்த்தாள். ஆட்டுக்குப் போட்டது போக ஒன்றை எல்லோரும் மண்ணில் குத்தி வைத்திருக்கிறார்கள். ரொட்டிக்கடை வாசலிலும் ஒன்று இருந்தது.

"எங்க வீட்டுதுக்குப் பக்கத்துல நீ வாளியோட வந்தே, காலை ஒடிப்பேன்," என்றாள் மரிசெட்டி.

சதுக்கத்து முனையில் இருவரும் நின்றுவிட்டார்கள்.

ஊர் முழுக்க அங்கேதான் இருந்தது. ஆனால் யாரும் உள்ளே கால் வைக்கவில்லை. சுற்றிலும் ஓரக்கல்லில் நின்றார்கள், பூத்த அன்றைக்கு நின்றதுபோல் அல்ல. அன்றைக்குக் கொண்டாட்டம் இருந்தது, இப்போது எல்லோர் முகத்திலும் கொஞ்சம் பயம் இருந்தது. புல்டோசர் ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்த மண் அது. நாலு நாளுக்கு முன்னால் செங்கல் சூளைபோல் கிடந்த இடம். இப்போது அங்கே கையகல வெறுமை இல்லை. தரையோடு வெட்டிய ஒவ்வொரு ஜுரேமா அடிக்கட்டையிலிருந்தும் பத்துப் பதினைந்து துளிர்கள் சாண் உயரத்துக்கு எழுந்திருந்தன. உம்பு மரங்கள் மண்ணுக்கடியில் கிழங்கு கிழங்காகத் தண்ணீர் சேர்த்து வைப்பவை. அவை வெட்டுப்பட்டதையே மறந்துவிட்டவைபோல் இலை விட்டிருந்தன. கள்ளி நின்ற பதினோரு இடத்திலும் பச்சை முளைகள் புடைத்திருந்தன. நீலப் பூங்கொடி புல்டோசரின் சக்கரத் தடத்தைத் தேடித் தேடி மூடியிருந்தது. டல்வாவும் தெர்சியுவும் நடாத செடிகள் அவற்றைவிட அதிகம். எந்தக் காற்றிலோ எந்தப் பறவையிடமிருந்தோ வந்து, எத்தனை வருஷம் அந்த மண்ணில் காத்துக் கிடந்தனவோ.

தெர்சியு அவளுக்கு முன்பே ஆற்றைக் கடந்து வந்து ஓரக்கல்லில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கன்னம் நனைந்திருந்தது. வேர்களைப் பற்றிச் சண்டை போட அவனுக்கும் அன்றைக்கு வாய் வரவில்லை.

ஆறு வடிந்ததும் ராஜபனை லாரியும் வந்து சேர்ந்திருந்தது. சாக்கில் வேர் கட்டிய பனைகள் லாரியில் படுத்துக் கிடந்தன. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "எங்கம்மா இறக்கறது? வெயில் ஏறுது!" என்று மூன்றாம் முறையாகக் கத்தினார்.

மேயரம்மா லிந்தாசி அவருக்குப் பதில் சொல்லாமல் டல்வாவிடம் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள், கோயிலுக்குள் பேசுவதுபோல.

"நிஜத்தைச் சொல்லு. என்ன செஞ்சே நீ இதுக்கு?"

"ஒண்ணும் செய்யல மேயரம்மா."

மேயரம்மா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். டல்வா அவளைப் பார்க்கவில்லை. அவள் கண் தரையை விட்டு நகரவில்லை. இத்தனை நாள் இதற்கு உயிர் கொடுப்பவள் தான்தான் என்று நினைத்து வாளி வாளியாகப் பயந்துகொண்டிருந்ததை எண்ணி அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக நிம்மதியாக இருந்தது.

"மேயரம்மா! எங்க இறக்கறதுன்னு கேக்கறேன்ல!"

லிந்தாசி திரும்பிப் பார்த்தாள். லாரியைப் பார்த்தாள், பனைகளைப் பார்த்தாள், அவற்றை இறக்கப் போகிறவன் எங்கே கால் வைப்பான் என்று தரையைப் பார்த்தாள்.

"கொஞ்சம் சும்மா இருப்பா," என்றாள். "பாத்துக்கிட்டிருக்கோம்ல."

டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு, அப்படி என்னத்தைப் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே இறங்கி வந்தார். ஓரக்கல்லில் இடம் விட்டார்கள். அவரும் நின்று பார்த்தார்.